11.9 சதவீதத்தை நம்பி ஆர்டர் கொடுத்த இரண்டு பிரஸ்கள்: கப்பலூர் ரப்பர் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரையை அடுத்த கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் உள்ள ஒரு ரப்பர் உதிரிபாகப் பட்டறையில் 2021 செப்டம்பர் முதல் 2023 தொடக்கம் வரை நடந்ததை, நாட்டின் தொழில் உற்பத்தி 11.9 சதவீதம் வளர்ந்தது என்ற எண்ணை நம்பி இயந்திரம் வாங்கப் போன கதையை, இங்கே பதிவு செய்கிறேன். பட்டறைக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். பெயர்களை விட்டுவிட்டேன், தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். இதில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு: உரிமையாளர், கணக்கு வழக்கைப் பார்க்கும் அவருடைய அக்காள் மகன், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் சிறுதொழில்களுக்குத் திட்ட அறிக்கை எழுதிக்கொடுக்கும் நான். தவறான முடிவுக்குக் காரணமான பத்தியை எழுதியவன் நான் என்பதால், இதை எழுதும் பொறுப்பும் எனக்கே வந்து சேர்ந்தது.

பின்னணி

ரப்பரைச் சூட்டில் அழுத்தி வார்க்கும் ஒன்பது மோல்டிங் பிரஸ், ஒரு மிக்ஸிங் மில், கொரோனாவுக்கு முன் 42 தொழிலாளர்கள். புஷ், கிராமெட், ஓ-ரிங், எரிபொருள் குழாய்க்கான சீல் ஆகியவற்றை வார்த்துக் கொடுக்கும் பட்டறை. பிசிறு வெட்டும் வேலையில் திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துப் பெண்களே பெரும்பாலும் இருந்தார்கள். மாத விற்பனை ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய். அதில் 100-க்கு 62 ரூபாய் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. அந்த வாடிக்கையாளர் இருசக்கர வாகனத் தொழிற்சாலைகளுக்குத் தொகுப்புகளாக உதிரிபாகம் அனுப்புபவர். இந்த 62 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் மூவரும் அதை மறந்துதான் கெட்டோம்.

2020 ஏப்ரலில் பட்டறை ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. அந்த மே மாதம் மத்திய அரசு அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தின்படி, 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் நிலுவையில் 20 சதவீதம் கூடுதல் கடனாகக் கிடைத்தது. முதல் ஓராண்டுக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும். அந்தப் பணம்தான் பட்டறையைக் காப்பாற்றியது. ஆனால் 2021 செப்டம்பருக்குள் அந்த ஓராண்டு கழிந்து, அசலுக்கான தவணை தொடங்கிவிட்டது. வேலை கூடினால்தான் தவணை கட்ட முடியும் என்ற நெருக்கடியில் இருப்பவனுக்கு, வேலை கூடப்போகிறது என்று யார் சொன்னாலும் காதில் தேன் பாயும்.

எண்கள் வந்த வரிசை

அக்காள் மகன் வணிக நிர்வாகம் படித்தவர். ஒவ்வொரு மாதமும் இரண்டு எண்களை அலுவலகக் கரும்பலகையில் எழுதி வைப்பது அவர் வழக்கம். ஒன்று, தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிடும் தொழில் உற்பத்திக் குறியீட்டெண். ஐ.ஐ.பி. என்றால் பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, தனியார் நிறுவனம் ஏறத்தாழ 400 உற்பத்தி நிறுவனங்களின் கொள்முதல் மேலாளர்களிடம் கேட்டுத் தயாரிக்கும் பி.எம்.ஐ. முதலாவது அப்போது மாதத்தின் 12-ஆம் தேதியை ஒட்டி, ஆறு வாரத் தாமதத்துடன் வந்துகொண்டிருந்தது. இரண்டாவது, மாதம் முடிந்த மறு வேலைநாளே வந்துவிடும்.

2020 ஏப்ரலில் உற்பத்தித் துறைக்கான பி.எம்.ஐ. 27.4-க்கு விழுந்தது, சேவைத் துறையில் அது வெறும் 5.4. ஐ.ஐ.பி. 54.0 என்று பதிவானது. அப்போது 2011-12ஐ 100 என வைத்துக் கணக்கிட்ட குறியீடு அது. நாடு 2011-12இல் சராசரியாக ஒரு மாதத்துக்கு உற்பத்தி செய்ததில் ஏறத்தாழ பாதியைத்தான் அந்த மாதம் செய்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் குறியீடு 126.6-க்குத் திரும்பியபோது, வளர்ச்சி 134 சதவீதம் என்று கணக்கு வந்தது. 2021 ஜூனில் அந்தச் செய்தி வெளியானபோது கப்பலூரில் பாதிக் கதவுகள் ஊரடங்கில் மூடிக்கிடந்தன. ஓராண்டுக்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டுப் பொருள்கொள்ள வேண்டாம் என்று அரசே சொல்லியிருந்தது.

“நூற்று முப்பத்து நான்காம் மாமா. நம் பட்டறையில் பூட்டுதான் வளர்ந்திருக்கிறது” என்று மருமகன் சிரித்ததை உரிமையாளர் இன்றும் சொல்வார்.

அந்த எண்ணை யாரும் நம்பவில்லை. அதனால் அது யாருக்கும் கெடுதல் செய்யவும் இல்லை. ஏமாற்றியவை பின்னால் வந்தவை. மே மாதத்துக்கு 29.3, ஜூனுக்கு 13.6, ஜூலைக்கு 11.5, ஆகஸ்டுக்கு 11.9. எண் சிறுத்துக்கொண்டே வந்தபோது எங்கள் நம்பிக்கை பெருத்துக்கொண்டே போனது. 134 என்றால் கேலி, 11.9 என்றால் அது ஏதோ உண்மையான வளர்ச்சிபோல் தோன்றியது. இரண்டும் ஒரே பள்ளத்திலிருந்து அளக்கப்பட்டவை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கூடவே, உற்பத்தித் துறை பி.எம்.ஐ.யும் ஜூனில் 48.1 ஆக இருந்தது ஜூலையில் 55.3, ஆகஸ்டில் 52.3, செப்டம்பரில் 53.7 என்று 50-க்கு மேலேயே நின்றது. 50-ஐத் தாண்டினால் முந்தைய மாதத்தைவிட வளர்ச்சி என்று பொருள்.

நான் எழுதிய பத்தி

செப்டம்பர் கடைசியில் உரிமையாளர் என்னிடம் வந்தார். இரண்டு புதிய ஹைட்ராலிக் பிரஸ், இரண்டும் சேர்த்து 28 லட்சம். கைப்பணம் 7 லட்சம், மீதிக்கு வங்கிக் கடன். வாடிக்கையாளரின் கொள்முதல் பிரிவிலிருந்து அடுத்த காலாண்டுக்கு எத்தனை உதிரிபாகம் வேண்டியிருக்கும் என்று சொல்லும் தற்காலிக ஷெட்யூல் வந்திருந்தது. அதில் எண்ணிக்கை 20 சதவீதம் கூடியிருந்தது. உறுதி ஷெட்யூல் வரட்டுமே என்று நான் ஒருமுறை சொன்னது உண்மை.

“சார், உறுதி வந்தபின் பிரஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்தால் இயந்திரம் வர மூன்று மாதம். அதற்குள் வேலை அடுத்த பட்டறைக்குப் போய்விடும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்தத் தொழிலில் பட்டறைகள் இப்படித்தான் வளர்ந்திருக்கின்றன.

திட்ட அறிக்கையில் ‘சந்தை நிலவரம்’ என்று ஒரு தலைப்பு வரும். வங்கியில் இருந்த காலத்தில் அந்தப் பகுதியை நான் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போனவன். எழுதுகிறவர்களும் அந்த அளவு அக்கறையோடுதான் எழுதுவார்கள். நான் எழுதியது இது: “நாட்டின் தொழில் உற்பத்தி ஜூலையில் 11.5 சதவீதமும் ஆகஸ்டில் 11.9 சதவீதமும் வளர்ந்துள்ளது. கொள்முதல் மேலாளர் குறியீடு தொடர்ந்து 50-க்கு மேல் உள்ளது. ஆகவே வாகன உதிரிபாகங்களுக்கான தேவை வரும் காலாண்டுகளில் உயரும்.”

முதல் இரண்டு வாக்கியங்களில் பிழை கிடையாது. மூன்றாவது வாக்கியத்தின் முதல் சொல்லை எந்தத் துணிச்சலில் போட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அக்டோபர் 2021: எடுத்த முடிவு

ஆகஸ்டு மாத ஐ.ஐ.பி. அக்டோபர் 12 அன்று வந்தது. 14-ஆம் தேதி ஆயுத பூசை. பட்டறையில் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு இரண்டு பிரஸ்ஸுக்கும் முன்பணம் அனுப்பப்பட்டது. கடன் நவம்பரில் அனுமதியானது.

கூடவே இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. விளைவில் இதுவே பெரியது. ஆனால் அன்று அதை ஒரு முடிவாகவே யாரும் எண்ணவில்லை. செயற்கை ரப்பர், அதில் கலக்கும் கரித்தூளான கார்பன் பிளாக் எல்லாம் விலை ஏறிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு ஏப்ரல் முதலே மொத்த விலைப் பணவீக்கம் இரட்டை இலக்கத்தில் இருந்தது. வேலை கூடும், விலையும் கூடும் என்றால் இப்போதே வாங்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றியது. வழக்கமாக ஒரு மாதத்துக்கு 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு வாங்கும் பட்டறை, மூன்று மாதச் சரக்கை 30 லட்சத்துக்கு வாங்கியது. அதில் ஒரு பகுதியைக் காம்பவுண்டாக, அதாவது வார்க்கத் தயாரான ரப்பர் கலவையாகக் கலந்தும் வைத்துவிட்டார்கள்.

காசுக்கடன் கணக்கில், அதாவது சரக்கையும் வரவேண்டிய பில்களையும் ஈடாக வைத்து அன்றாடச் செலவுக்கு வங்கி தரும் கடனில், எடுக்கக்கூடிய தொகை மாதாந்திரச் சரக்கு அறிக்கையைப் பொறுத்தது. பணம் கொடுத்து வாங்கிய சரக்கு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அதிகமாக எடுக்கலாம். ஆகவே நவம்பரில் பட்டறையின் கடன் பெறும் தகுதி காகிதத்தில் உயர்ந்தது. விற்காத சரக்கு குவிவதும் தொழில் செழிப்பதும் அந்த அறிக்கையில் ஒரே முகத்தோடுதான் தெரியும். வங்கியில் 31 ஆண்டு இருந்த எனக்கு இது தெரியாதது அல்ல.

பின்னர் நடந்தது

நவம்பருக்கான உறுதி ஷெட்யூல், தற்காலிகத்தில் சொன்னதில் முக்கால்வாசிதான் வந்தது. தீபாவளி முடிந்த மந்தம் என்று சமாதானம் செய்துகொண்டோம். டிசம்பரில் அது மேலும் குறைந்தது. முதல் பிரஸ் டிசம்பர் மூன்றாம் வாரம் வந்து இறங்கியது. அதை நிறுவ வந்த தொழில்நுட்பர், பழைய ஒன்பதில் நான்கு பிரஸ் சூடேறாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் தன்னை அதிகம் சுட்டது என்று உரிமையாளர் என்னிடம் சொன்னார்.

2022 ஜனவரியில் மூன்றாம் அலை. இரவு ஊரடங்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு. உற்பத்தி பெரிதாகத் தடைபடவில்லை. ஆனால் வாடிக்கையாளரிடமிருந்து 45 நாளில் வந்துகொண்டிருந்த பணம் 80 நாளைத் தொட்டது. 90 நாளைத் தாண்டிய பில்களை வங்கி கணக்கில் சேர்க்காது. அக்டோபரில் கலந்து வைத்த காம்பவுண்டில் ஒரு பகுதி, கந்தகமும் வேகமூட்டியும் சேர்ந்த கலவை என்பதால், கிடப்பிலேயே இறுகத் தொடங்கியிருந்தது. வார்த்துப் பார்த்தபோது அச்சு முழுதும் நிரம்பவில்லை. ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய்ச் சரக்கு வீண்.

பிப்ரவரி முதல் வாரத்தில் காசுக்கடன் கணக்கு வரம்பை மீறியது. கடன் தவணையும் ஒன்று தவறியது. அன்றைக்குத்தான் மூவரும் உட்கார்ந்தோம்.

கணக்கைத் திரும்பப் பார்த்தோம்

முதலில் செய்தது மிக எளிய வேலை. வளர்ச்சி விகிதத்தை ஒதுக்கிவிட்டு, குறியீட்டின் அளவை மட்டும் ஒரு தாளில் எழுதினோம். ஜூலை 2019: 131.8. ஜூலை 2020: 117.9. ஜூலை 2021: 131.4. நான் திட்ட அறிக்கையில் பெருமையோடு எழுதிய 11.5 சதவீத வளர்ச்சிக்குப் பின்னும், நாடு இரண்டு ஆண்டுக்கு முன் இருந்த இடத்துக்கு ஒரு மயிரிழை கீழேதான் நின்றது. ஆகஸ்டு சற்றுத் தேவலை: 2019இல் 126.2, 2021இல் 131.1. இரண்டு ஆண்டில் மொத்தமே 4 சதவீதத்துக்குள்.

உரிமையாளருக்கு இதை விளக்க எனக்கு வைகை அணைதான் கைகொடுத்தது. முழுக் கொள்ளளவு 71 அடி. 60 அடியில் இருந்த நீர் 24-க்கு இறங்கி, மறு ஆண்டு 48-க்கு ஏறினால் “நீர்மட்டம் இரட்டிப்பு” என்று எழுதலாம்; பொய்யில்லை. ஆனால் மேலூர்க் கடைமடை விவசாயி சதவீதத்தைக் கேட்டு நாற்றுப் பாவமாட்டார். எத்தனை அடி, மதகு எப்போது திறப்பார்கள் என்றுதான் கேட்பார். “நான் விவசாயி வீட்டுப் பிள்ளைதான் சார், ஆனால் கேட்கவில்லையே” என்றார் அவர்.

அடுத்து, அந்தக் குறியீட்டுக்குள் எங்கள் பட்டறை எங்கே இருக்கிறது என்று தேடினோம். அப்போதைய கணக்கில் துறைகளின் பங்கைக் காட்டும் மொத்த எடை 100இல் சுரங்கம் 14.4, உற்பத்தித் துறை 77.6, மின்சாரம் 8. உற்பத்தித் துறைக்குள் 23 தொழில் பிரிவுகள். அடிப்படை உலோகங்களுக்கு 12.8, பெட்ரோலியச் சுத்திகரிப்பு வகையறாவுக்கு 11.8. எஃகு ஆலையும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் நன்றாக ஓடினால் மொத்தக் குறியீடு நிமிர்ந்து நிற்கும். ரப்பர், பிளாஸ்டிக் பொருள்கள் இரண்டும் சேர்ந்த 22-ஆம் பிரிவின் எடை 2.4 மட்டுமே.

மருமகன் 22-ஆம் பிரிவைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தார். அதுவும் சரியான இடம் இல்லை. நாங்கள் செய்வது ரப்பர்தான். ஆனால் எங்கள் தலையெழுத்து ரப்பரில் எழுதப்படவில்லை. வாங்குபவர் இருசக்கர வாகனக்காரர். தேசியத் தொழில் வகைப்பாட்டில் கார், லாரி எல்லாம் 29-ஆம் பிரிவு. மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் அதில் இல்லை. ‘பிற போக்குவரத்துச் சாதனங்கள்’ என்ற 30-ஆம் பிரிவில், ரயில் பெட்டியோடும் கப்பலோடும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. வாகனத் துறை வளர்கிறது என்று செய்தி வந்தால் அது எந்த வாகனம் என்று கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கான பதில் அப்போதே பத்திரிகையில் இருந்தது என்பதுதான் வேதனை. வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம், ஆலைகளிலிருந்து முகவர்களுக்குப் போகும் வண்டிகளின் எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிடுகிறது. 2021 ஆகஸ்டில் உள்நாட்டு இருசக்கர வாகனங்கள் 13.31 லட்சம், முந்தைய ஆகஸ்டில் 15.59 லட்சம். நாட்டின் உற்பத்தி 11.9 சதவீதம் கூடியதாக நான் எழுதிய அதே மாதம், எங்கள் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் 15 சதவீதம் சுருங்கியிருந்தார். செப்டம்பரில் 18.49 லட்சத்திலிருந்து 15.28 லட்சம். ஐ.ஐ.பி.யிலும், பயன்பாட்டு வகைப்படி பிரிக்கும் அட்டவணையில் நீடித்து உழைக்கும் நுகர்வுப் பொருள்கள் என்ற வரி செப்டம்பர் முதல் சரிவைக் காட்டியது. மொத்த எண்ணைத் தாண்டி நாங்கள் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை.

பி.எம்.ஐ. பற்றிய எங்கள் தவறு வேறு வகை. 53.7 என்பதை ஏதோ மதிப்பெண்போல் படித்தோம். அது அளவைச் சொல்லும் எண் அல்ல. “சென்ற மாதத்தைவிடக் கூடுதலா, அதேயா, குறைவா” என்று கேட்டு, கூடுதல் என்றவர்களின் சதவீதத்தோடு அதே என்றவர்களில் பாதியைச் சேர்ப்பார்கள். புதிய ஆர்டருக்கு 30, உற்பத்திக்கு 25, வேலைவாய்ப்புக்கு 20, சரக்கு வந்து சேரும் காலத்துக்கு 15, கையிருப்புக்கு 10 என்று எடை. ஒருவருக்கு ஆர்டர் ஒரு பெட்டி கூடினாலும் கூடுதல்தான், ஒரு லாரி கூடினாலும் கூடுதல்தான். ஜூனில் முடங்கியவர் ஜூலையில் கதவைத் திறந்தாலே கூடுதல். இன்னொரு வேடிக்கையும் உண்டு: சரக்கு தாமதமாக வந்தால், தேவை மிகுந்து வழங்குபவர்கள் திணறுகிறார்கள் என்று பொருள்கொண்டு அதைக் குறியீட்டின் ஏற்றத்தில் சேர்ப்பார்கள். சாதாரண காலத்தில் அது சரி. துறைமுகத்தில் கண்டெய்னர் கிடைக்காமல் கார்பன் பிளாக் தாமதமான 2021இல், அந்தத் தாமதத்தில் மகிழ்ச்சி எங்கே இருந்தது?

பிப்ரவரி 2022: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இரண்டாவது பிரஸ்ஸை ரத்து செய்தோம். முன்பணம் 1.4 லட்சம் திரும்பவில்லை. உரிமையாளருக்கு மனமில்லை, “வந்து நிற்கட்டும், ஒருநாள் வேலை வரும்” என்றார். ஓடாத இயந்திரத்துக்கு மாதம் 30 ஆயிரம் தவணை என்று மருமகன் தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

மீதமிருந்த கலக்காத சரக்கில் பாதியை, வாங்கிய விலைக்கே பக்கத்துப் பட்டறைகளுக்குக் கொடுத்தோம். விலை ஏறியிருந்ததால் நட்டம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அக்டோபர்க் கணிப்பு சரியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வங்கியிடம் மறைக்காமல் போய், தவறிய தவணையை இரண்டு மாதத்தில் சரிசெய்யும் திட்டத்தைக் கொடுத்தோம். தவறிய தவணை கடனை வாராக்கடனாக்கிவிடும் 90 நாள் கெடு நெருங்குவதற்குள் கணக்கு நேராகிவிட்டது.

புதிய பிரஸ்ஸுக்கு வேறு வேலை தேடினோம். குடிநீர்க் குழாய் இணைப்புகளுக்கான ரப்பர் வளையம் கேட்டு ஒருவர் முந்தைய ஆண்டே வந்து போயிருந்தார். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர் ஊராகக் குழாய் பதித்துக்கொண்டிருந்த நேரம். வாகன வேலையைவிட லாபம் குறைவு, மரியாதையும் குறைவு என்று அப்போது அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஏதோ குறியீட்டைப் படித்து இந்த வழியைக் கண்டுபிடித்தோம் என்று எழுத ஆசைதான். பழைய விசிட்டிங் கார்டு மேசை டிராயரில் கிடைத்தது என்பதே நடந்தது.

பன்னிரண்டு பட்டறைகளுக்குத் தொலைபேசி

மருமகன் சொன்ன யோசனை இது. நாட்டுக்கு 400 நிறுவனங்களைக் கேட்கிறார்கள் என்றால், நமக்குத் தெரிந்த 12 பட்டறைகளை நாமே கேட்டால் என்ன? மார்ச் முதல், ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் கப்பலூரிலும் கே.புதூரிலும் உள்ள 12 பேருக்குத் தொலைபேசி. ஐந்து கேள்விகள் பி.எம்.ஐ.யிலிருந்து. ஆறாவது எங்களுடையது: பில் பணம் வர எத்தனை நாள்?

முதல் மாதமே ஒருவர் “சுமாராகப் போகிறது தம்பி” என்றார். மதுரைக்காரர் சொல்லும் சுமார், கூடுதலில் சேருமா குறைவில் சேருமா என்று அரைமணி நேரம் விவாதித்தோம். பிறகு வார்த்தையை விட்டு எண்ணிக்கையைக் கேட்கத் தொடங்கினோம்: போன மாதம் எத்தனை ஷிப்டு, இந்த மாதம் எத்தனை?

ஏப்ரலில் எங்கள் குறியீடு 29-க்கு விழுந்தது. பன்னிரண்டில் ஒருவர்தான் கூடுதல், ஐவர் அதே, ஆறு பேர் குறைவு. பதறிப்போனோம். மே மாதம் அது 79-க்குப் பாய்ந்தது. பிறகுதான் புரிந்தது. இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் அந்த ஏப்ரலில் சித்திரைத் திருவிழா மக்களோடு நடந்தது. அழகர் ஆற்றில் இறங்கும்போது கப்பலூரில் எந்தப் பிரஸ்ஸுக்கு ஆள் இருக்கும்? திருவிழாவுக்குப் போன ஆள் திரும்பி வந்ததைத்தான் மே மாதத்தில் வளர்ச்சி என்று அளந்திருந்தோம். பி.எம்.ஐ.யில் பருவகால ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் வெளியிடுகிறார்கள். செய்திகளில் வரும் ஐ.ஐ.பி.யில் அப்படிக் கழிப்பதில்லை, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதால் ஓரளவு சமாளிக்கிறார்கள். தீபாவளி ஓர் ஆண்டு அக்டோபரிலும் மறு ஆண்டு நவம்பரிலும் வந்தால் அந்தச் சமாளிப்பும் நொண்டும்.

ஆறாவது கேள்விதான் சோறு போட்டது. பணம் வரும் நாள்கள் நீளத் தொடங்கினால், ஒன்றிரண்டு மாதத்தில் ஷெட்யூல் குறைவதை மூன்று முறை பார்த்தோம். மூன்று முறை என்பது விதியாகாது. இருந்தாலும் இப்போது நான் எழுதும் ஒவ்வொரு அறிக்கைக்கும் முன் அதைக் கேட்கிறேன்.

இரண்டாம் சோதனை

2022 ஜூலை 12 அன்று மே மாத ஐ.ஐ.பி. வந்தது: 19.6 சதவீத வளர்ச்சி. மருமகன் தொலைபேசியில் அழைத்தபோது குரலில் பரபரப்பு இல்லை. “சார், 137.7. 2019 மே மாதம் 135.4. மூன்று ஆண்டுக்கு 1.7 சதவீதம்” என்றார். முந்தைய மே இரண்டாம் அலையில் முடங்கிய மாதம், குறியீடு 115.1-க்குக் கிடந்தது. அந்த வாரம் வாடிக்கையாளரிடமிருந்து கூடுதலான தற்காலிக ஷெட்யூலும் வந்தது. சரக்கு ஒரு மாதத்துக்கு மேல் வாங்கவில்லை. உறுதி ஷெட்யூல் இம்முறையும் குறைந்தே வந்தது. பட்டறைக்குச் சேதமில்லை.

இதை வெற்றிக் கதையாக முடிக்க முடியாது. அந்த ஆண்டு செப்டம்பரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனம் கதவு ஓரத்து ரப்பர் பாகங்களுக்கு விலை கேட்டது. இரண்டாவது பிரஸ் இருந்திருந்தால் எடுத்திருக்கலாம். சூடு கண்ட பூனையாக மறுத்துவிட்டோம். 2022-23இல் பயணிகள் வாகன விற்பனை 38.9 லட்சம் என்று அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. அந்த வேலை இன்று நான்கு கதவு தள்ளியுள்ள பட்டறையில் ஓடுகிறது. இருசக்கர வாகனமோ 2018-19இல் 2.12 கோடியாக இருந்து 2021-22இல் 1.35 கோடிக்கு இறங்கி, மெதுவாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கக் கற்றுக்கொண்ட வரி இருசக்கர வாகனம். அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் 29-ஆம் பிரிவு கண்ணில் படவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

என் திட்ட அறிக்கைகளில் சந்தை நிலவரப் பகுதியை இப்போது வாடிக்கையாளரின் வாடிக்கையாளரிலிருந்து தொடங்குகிறேன். நாட்டின் மொத்த எண் வந்தால் அது கடைசி வரியில் வரும். வளர்ச்சி விகிதத்தின் பக்கத்தில் குறியீட்டின் அளவும், பள்ளம் இல்லாத ஓர் ஆண்டின் அளவும் இருக்க வேண்டும். முதலில் வருவது விரைவு மதிப்பீடு, பின்னர் திருத்தப்படும் என்பதால் ஒரு மாத எண்ணை வைத்து எதையும் எழுதுவதில்லை. ஐ.ஐ.பி. 2025 ஏப்ரல் முதல் 28-ஆம் தேதியே வந்துவிடுகிறது. தாமதம் ஆறு வாரத்திலிருந்து நான்காகக் குறைந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் 2021இல் எங்களைக் கெடுத்தது தாமதம் அல்ல.

தொலைபேசிக் கணக்கெடுப்பில் 12 பேர் போதாது. ஒருவர் குறைவிலிருந்து கூடுதலுக்கு மாறினாலே குறியீடு 8 புள்ளி நகர்கிறது. முப்பது பேராவது வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டும். பாதிப் பேர் ஒரே வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்களாக இருந்ததும் தவறு. சித்திரையையும் தைப் பொங்கலையும் கழிக்கக் குறைந்தது மூன்று ஆண்டுக் கணக்கு வேண்டும்.

சரக்கு வாங்கும் முடிவையும் இயந்திரம் வாங்கும் முடிவையும் ஒரே நாளில் எடுக்கக் கூடாது என்று உரிமையாளர் தனக்கு விதித்துக்கொண்டிருக்கிறார். ஒரே வாடிக்கையாளரின் பங்கு 62-லிருந்து 2023 மார்ச்சில் 48-க்கு இறங்கியிருந்தது. குழாய் வளையத்தின் பங்கு 17. கரும்பலகையில் இப்போது ஐ.ஐ.பி. எழுதுவதில்லை. அந்த இடத்தில் மருமகன் ஒவ்வொரு மாதமும் எழுதுவது, நிலுவை பில்களின் சராசரி நாள். நான் கடைசியாகப் போனபோது அது 52.